காலி மேடையில் ஏறிய எடை

அன்றைக்கு எடைமேடை அறையில் இருந்தது மூன்றே பேர். நான், லாரி டிரைவர் சுடலை, சென்னையிலிருந்து அலைக்கணக்கு போட வந்திருந்த மகேஷ் சார். வேறு ஆள் கிடையாது, இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கேட்கிறவர்கள் எல்லாரும் யாராவது விளையாடியிருப்பார்கள் என்றுதான் சொல்கிறார்கள். எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. வட்டி, சுகர், பிள்ளைகள் பீஸ் என்று பயப்படுவதற்கே எனக்கு நாள் போதாது, இதில் பேய்க்கு எங்கே போக.

தென்காசிப் பக்கம் ஒரு குவாரியில் எனக்கு வேலை. கடற்கரையில் அலையைத் தடுக்கிற தூண்டில் வளைவு கட்ட எங்கள் பாறை போவதாக இருந்தது. கல்லை ஒவ்வொன்றாக லாரியில் ஏற்றி எடை பார்த்து, அதன் மேலேயே பெயிண்டில் நம்பர் எழுத வேண்டும், ஒரு கல்லுக்கு எனக்கு நூற்றைம்பது ரூபாய், லோடு போனபிறகுதான் காசு. எல்லாம் நாலு டன் கல். முந்நூற்றுப் பன்னிரண்டு முடித்திருந்தேன்.

மகேஷ் சார் குற்றாலத்தில் ரூம் போட்டிருந்தார். தினமும் ஐந்தருவியில் குளித்துவிட்டு ஈரத்தலையோடு வந்து லேப்டாப்பைத் திறப்பார். ஏழாம் வகுப்போடு நின்றவன் என்றாலும் எனக்கும் புரிகிற மாதிரி சொன்னார். கடலில் மிதவை போட்டு இருபத்திரண்டு வருசமாக அலையை அளந்திருக்கிறார்கள், வருசத்துக்கு ஒன்றாக ஆக உயரமான அலையை எடுத்துப் புள்ளி வைத்து, புள்ளிகளை ஒட்டி ஒரு கோடு போட்டு, அந்தக் கோட்டை நூறு வருசத்துக்கு நீட்டினால் இதுவரை யாரும் பார்க்காத அலையின் உயரம் வந்துவிடுமாம். அவருக்கு ஆறு மீட்டர் சொச்சம் வந்தது. அதற்கு நாலு டன் கல் போதும். ஆனால் ஒரே ஒரு புள்ளி, ஏதோ ஒரு புயல் அன்றைக்கு விழுந்தது, கோட்டை விட்டு எங்கேயோ மேலே நின்றது. மிதவை பழுதாகி அப்படிக் காட்டியதா, நிஜமாகவே அப்படி ஓர் அலை வந்ததா என்று அவருக்குத் தெரியவில்லை. அதைச் சேர்த்தால் உயரம் கூடும், உயரம் கொஞ்சம் கூடினாலே கல் எடை இரண்டு பங்காகிவிடும், என் முந்நூற்றுப் பன்னிரண்டும் கழிவு. சேர்க்காமல் விட்டு, அந்த அலை நிஜமாக வந்துவிட்டால் வளைவுக்குப் பின்னால் இருக்கிற குடியிருப்பின் கதி என்ன என்பதுதான் அவர் கவலை.

நான் வெட்கத்தை விட்டுக் கேட்டேன். "அந்த ஒரு புள்ளிய விட்டுட்டா என்ன சார்?"

"விட்டுடலாம்னுதான் தோணுதுப்பா" என்றார்.

மணி ஐந்தரை இருக்கும், சாரல் விழுந்துகொண்டிருந்தது. சுடலை லாரியை மேடையிலிருந்து இறக்கி ஓரமாக நிறுத்திவிட்டு வந்து நின்றான். மேடை காலி. மெஷினில் பூஜ்யம். நம்பினால் நம்புங்கள், அந்தப் பூஜ்யம் மெதுவாக ஏற ஆரம்பித்தது. 940 கிலோ வரை போய் இறங்கியது. மறுபடி ஏறி 1780, இறங்கிப் பூஜ்யம். ஒவ்வொரு தடவையும் பிரிண்டர் டர்ரென்று ஒரு சீட்டைத் துப்பியது. வண்டி நம்பர் அடிக்காமல் அந்த மெஷின் சீட்டே தராது, நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தேன்.

"என்ன அண்ணாச்சி, மேடையில எலி கூட இல்லியே, எதை நிறுக்குது?" என்று சுடலை சிரித்தான். மகேஷ் சார் சிரிக்கவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தவர் மெதுவாகச் சொன்னார்.

"பதினாலு செகண்ட். அந்தப் புயல்ல அலைக்கு அலை இதே இடைவெளிதான்."

சொல்லிவிட்டு மழையில் ஓடி மேடையில் மண்டிபோட்டு இரும்பில் உள்ளங்கையை வைத்தார். சுடலையும் பின்னால் ஓடினான். அறையில் நான் மட்டும். அப்போதுதான் கடைசி ஏற்றம் வந்தது, நிற்காமல் ஏறி 8640இல் ஒரு மூச்சு நேரம் நின்று சடாரென்று பூஜ்யத்துக்கு விழுந்தது. சீட்டு வந்தது. அவர் பார்த்தால் அந்தப் புள்ளியைச் சேர்த்துவிடுவார் என்ற பயத்தில் அதை மட்டும் மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். பாவம்தான், ஆனால் போட்டுக்கொண்டேன்.

சார் நனைந்த சட்டையோடு அப்படியே குற்றாலத்துக்குக் கிளம்பிவிட்டார். மறுநாள் காலையில் மெக்கானிக் வந்து மேடைக்கு அடியில் எல்லாவற்றையும் கழற்றிப் பார்த்தான். ஒரு சொட்டுத் தண்ணீர் இறங்கவில்லை, சீல்கூட உடையவில்லை. அவன் இன்னும் கழற்றிக்கொண்டிருக்கும்போதே சாரிடமிருந்து போன்.

"மன்னிச்சுக்கப்பா, அந்தப் புள்ளிய என்னால விட முடியல. அலை எட்டு மீட்டர் வருது. கல்லு எட்டாயிரத்து அறுநூத்து நாப்பது கிலோ இருக்கணும்."

நான் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே கேட்டேன். "இத எப்ப சார் கணக்குப் போட்டீய?"

"ராத்திரி ரூமுக்கு வந்த பெறகுதான். ஏன்?"

ஒன்றுமில்லை என்று வைத்துவிட்டேன். அந்தச் சீட்டு அப்போது என் சட்டைப்பையில்தான் இருந்தது. இன்றைக்கும் என்னிடம் இருக்கிறது, எழுத்து மங்கிவிட்டது, எண் மட்டும் தெரிகிறது.

கல்லெல்லாம் என் நம்பரோடு குவாரியிலேயே கிடக்கிறது. அடுத்த வாரமே நான் வேலையை விட்டுவிட்டேன். முதலாளி நல்லவர், கல் போகாவிட்டாலும் உன் கூலி உனக்கு, வந்து வாங்கிக்கொள் என்று இரண்டு தடவை சொல்லி அனுப்பினார். ஆபீசுக்குப் போக வேண்டுமானால் அந்த மேடையில் ஏறித்தான் இறங்க வேண்டும், வேறு வழி கிடையாது. நான் ஏறும்போது அது என்ன எடை காட்டுமோ. எனக்கு வரவேண்டியது நாற்பத்தாறாயிரத்து எண்ணூறு ரூபாய், இன்னும் அங்கேயே இருக்கிறது.