வட்டத்துக்குள் பனியன்

மகளின் வகுப்புக் கரும்பலகையில் ஒரு வட்டம், உள்ளே ‘வேலை’ என்ற சொல், சுற்றிலும் கோடுகள். பெற்றோர் கூட்டத்துக்கு வந்த நான் அதையே பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.

மண்ணரைப் பள்ளியில் நான் படித்தபோது எங்கள் டீச்சரும் இப்படித்தான் வட்டத்துக்குள் ‘பனியன்’ என்று எழுதி, மனதில் தோன்றுவதையெல்லாம் கோடு இழுத்து எழுதச் சொன்னார். மற்றவர்கள் வேர்வை, தீபாவளி என்று எழுதினார்கள். நான் பனியன் கம்பெனியில் துணி நகரும் வரிசைப்படி கட்டிங், கைமடி, செக்கிங் என்று ஒரே கோடாக இழுத்தேன்.

“இதுல நீ எங்க இருக்கற கண்ணு?” என்றார் டீச்சர்.

பரீட்சை முடிந்ததும், டெய்லருக்குத் துணி மடித்துக்கொடுக்கும் கைமடி வேலைக்கு அனுப்புவதாக அப்பா சொல்லியிருந்தார். ‘கைமடி’ என்று எழுதிய இடத்தைத் தொட்டு, “இங்கீங்க டீச்சர்” என்றேன்.

“மேஸ்திரி வந்துட்டாருடோய்!” என்று கத்தினான் பக்கத்துப் பையன்.

டீச்சர் சிரிக்கவில்லை. “இன்னொருக்கா யோசிச்சுப் பாரு சாமி.”

யோசித்தேன், வேறு இடமே தோன்றவில்லை. பரீட்சை முடிந்து கம்பெனிக்குப் போய்விட்டேன். அன்று டீச்சர் போகாதே என்றுதான் சொன்னாரோ? அப்படியென்றால் வாய்விட்டே சொல்லியிருக்கலாமே?

“நீங்களும் ஒரு கோடு போடுங்க சார்” என்று மகளின் டீச்சர் சாக்பீஸை நீட்டுகிறார். எதை எழுதினால் சரியென்று தெரியாமல் மகளைப் பார்க்கிறேன்.