மூன்றங்குலத்துக்கு ஓர் ஆணை

விக்கிரமசிங்கபுரத்தில் பாபநாசம் போகிற சாலையோரம் இருக்கும் உயர்நிலைப் பள்ளியில் இசக்கித்தாய் அலுவலக உதவியாளராகச் சேர்ந்து பத்தொன்பது வருடம் ஆகிறது. அதற்கு முன்னால் நூல் மில்லில் எட்டு வருடம். மில்லில் நூல் சிக்கினால் வெட்டுவதற்கு எப்போதும் கைக்கெட்டுகிற தூரத்தில் ஒரு கத்தி வேண்டும். அந்தப் பழக்கம் பள்ளிக்கூடத்துக்கு வந்த பிறகும் போகவில்லை. இடுப்பில் சொருகிய சுருக்குப்பைக்குள் வெற்றிலை, பாக்கு, பீரோச் சாவி, இவற்றோடு ஒரு பேனாக்கத்தியும் இருக்கும். மடக்கினால் நடுவிரல் அளவு. விரித்தால் அலகு மூன்றங்குலம்.

அந்தப் பள்ளிக்கூடம் பாதி நாள் அந்தக் கத்தியால்தான் நடந்தது என்று சொன்னால் மிகையில்லை. பாடப்புத்தகக் கட்டுகளின் பிளாஸ்டிக் பட்டையை அறுக்க, சரஸ்வதி பூஜைக்குப் பூச்சரத்தை நறுக்க, ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் காலில் ஏறிய பெஞ்சுச் சிராயை நோண்டி எடுக்க, திறக்காத சன்னல் கொக்கியை நெம்ப, எல்லாவற்றுக்கும் "இசக்கிக்கா, கத்தி!" என்ற குரல்தான் கேட்கும். ஆனால் அவள் கத்தியைக் கையில் கொடுக்க மாட்டாள். தானே வந்து வெட்டிவிட்டு, முந்தானையில் துடைத்து, மடக்கி, மறுபடி பைக்குள் போட்டுக்கொள்வாள். பத்தொன்பது வருடத்தில் அந்தக் கத்தியை வேறொருவர் கையில் யாரும் பார்த்ததில்லை.

போன வருடம் புதிதாக வந்த தலைமையாசிரியர் பெருமாள்ராஜ் நல்ல மனிதர். ஆனால் பயந்த சுபாவம். மேலிடத்திலிருந்து ஒரு கடிதம் வந்தால் இரண்டு முறை படித்து, மூன்று நகல் எடுத்து, அதன்பிறகும் தூங்காதவர். பிள்ளைகள் கூர்மையான பொருட்களைப் பள்ளிக்குக் கொண்டுவராமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று ஒரு சுற்றறிக்கை வந்ததும் மறுநாள் காலையிலேயே பை சோதனை என்று அறிவித்துவிட்டார். ஆண்பிள்ளைகள் பையை உடற்கல்வி ஆசிரியர் செந்தூர்பாண்டி பார்ப்பார், பெண்பிள்ளைகள் பையை இசக்கித்தாய் பார்ப்பாள் என்று ஏற்பாடு.

செந்தூர்பாண்டிக்கு ஒரே உற்சாகம். கழுத்தில் விசில் தொங்க, ஒவ்வொரு பையாகக் கவிழ்த்தார். காம்பஸ், டிவைடர், பென்சில் சீவும் பிளேடு, ஒருவன் சாப்பாட்டுக்குக் கொண்டுவந்த முள்கரண்டி எல்லாம் மேசைமேல் குவிந்தன. இசக்கித்தாயும் தன் பங்குக்கு ஒரு குவியல் சேர்த்தாள். அவ்வளவையும் போட்டு வைக்க ஒரு சாக்கு கொண்டுவந்தார்கள். சாக்கின் வாய் தைத்திருந்தது. இசக்கித்தாய் யோசிக்கவேயில்லை. இடுப்பிலிருந்து கத்தியை எடுத்து, விரித்து, சரசரவென்று தையலை அறுத்து, "ம், போடுங்க" என்றாள்.

நானூறு பிள்ளைகளும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒன்பதாம் வகுப்பு நஃபீஸத், அப்போதுதான் காம்பஸைப் பறிகொடுத்தவள், கையைத் தூக்கினாள்.

"சார், எங்க காம்பஸ இசக்கிக்கா வாங்கிட்டாங்க. இசக்கிக்கா கத்திய யாரு வாங்குவா?"

பள்ளிக்கூடமே சிரித்தது. பெருமாள்ராஜ் மட்டும் வெளிறிப்போனார்.

அலுவலகத்துக்குள் போனதும் கையை நீட்டினார். "இசக்கித்தாயம்மா, அதை இங்க தாங்க."

"என்னத்துக்கு சார்? நான் என்ன பிள்ளையா?"

"பிள்ளைக பைய கவுத்துப் போட்டுட்டு உங்க மடிய விட்டா அது என்ன நியாயம்? நாளைக்கு எவனாவது வந்து கேட்டா நான் என்னத்தச் சொல்லுவேன்? கத்தி வச்சிருக்கது சட்டப்படி சரியா தப்பான்னுகூட எனக்குத் தெரியாது."

முதல் கேள்வி அவளுக்குச் சுருக்கென்றது. நியாயம்தானே என்று மனசுக்குள் பட்டது. அந்தச் சட்டப் பேச்சுதான் பிடிக்கவில்லை. பத்தொன்பது வருடமாகத் தான் ஏதோ தப்புக் காரியம் செய்துகொண்டு அலைந்தது மாதிரி அல்லவா இருக்கிறது! ஒரு வெள்ளைத்தாளை எடுத்து மேசையில் விரித்து, கத்தியையும் விரித்து அதன்மேல் வைத்து, பென்சிலால் சுற்றிக் கோடு போட்டாள்.

"இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க சார். குடுத்தது இந்தக் கத்திதான்னு அடையாளம் வேணும்லா."

பெருமாள்ராஜ் கையெழுத்துப் போட்டு, தேதி எழுதி, பழக்கதோஷத்தில் பள்ளி முத்திரையையும் குத்திவிட்டார். கத்தி சாக்குக்குள் போனது. சாக்கு பீரோவுக்குள் போனது. பீரோச் சாவியையும் அவளிடமிருந்து வாங்கித் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

அன்று சாயங்காலம் இசக்கித்தாய் வீட்டுக்குப் போகாமல் நேரே காவல் நிலையத்துக்குப் போனாள். எழுத்தர் ஞானையா தலைநிமிராமலே கேட்டார்.

"என்னம்மா விசயம்?"

"பேனாக்கத்தி வச்சிருந்தது குத்தமான்னு கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்."

ஞானையா பேனாவைக் கீழே வைத்தார். "யாரக் குத்துனிய?"

"கடைசியா குத்துனது தர்ப்பூசணிப் பழத்த. நாலாம் தேதி, டீச்சருங்க எல்லாருக்கும்."

உள்ளேயிருந்து உதவி ஆய்வாளர் நித்யா கூப்பிட்டாள். சின்ன வயசு, நிதானமான பெண். எதிரில் உட்காரச் சொல்லி, முழுக்கதையையும் கேட்டாள். "கத்திய காட்டுங்க" என்றபோது இசக்கித்தாய் முத்திரை குத்திய தாளை விரித்தாள். நித்யா சிரிப்பை அடக்கிக்கொண்டு ஸ்கேலை எடுத்து, படத்தை அளந்தாள். அலகின் நீளம் மூன்றங்குலம். அகலம் அரை அங்குலம்கூட இல்லை.

"அலகு ஒம்பது அங்குலத்துக்கு மேல நீளம், இல்ல ரெண்டு அங்குலத்துக்கு மேல அகலம்னாத்தான் லைசென்ஸ் பேச்சே வரும். வீட்டு வேலை, தோட்ட வேலைக்கு உள்ள சாமானுக்கு அதுவும் இல்ல. இது பழம் நறுக்குத கத்தி. நீங்க யாரையும் இத வச்சு மிரட்டலியே?"

"மிரட்டல மேடம். ஹெட்மாஸ்டர் தானா மிரண்டாரு. அது கணக்குல வருமா?"

"வராது."

"அப்போ லைசென்சு வேண்டாம்னு ஒரு தாள்ல எழுதித் தாங்க."

"வேண்டாத லைசென்ஸ வேண்டாம்னு எழுதிக் குடுக்க எங்ககிட்ட ஒரு படிவமும் கெடையாதும்மா. ஆனா ஒண்ணு கேட்டுக்கிடுங்க. சட்டத்துல தப்பு இல்ல, சரிதான். பள்ளிக்கூடம் அவரு பொறுப்பு. கேட்டுக்குள்ள வேண்டாம்னு அவரு சொன்னா வேண்டாம்தான். அதுல நான் தலையிட முடியாது."

பாதி ஜெயித்த மாதிரி இருந்தது. வீட்டில் கணவன் கொம்பையா கேட்டார், "ஏட்டி, போலீஸ் ஸ்டேசனுக்கா போன? தெருவே பேசுது."

"நான் குத்தவாளி இல்லன்னு கேட்டுட்டு வாரேன்."

"அத என்கிட்ட கேட்டா நான் சொல்லமாட்டனா?"

"நீங்க சொன்னா எவன் நம்புவான்?" என்றுவிட்டு உலை வைக்கப் போனாள்.

மறுநாள் விஷயத்தைச் சொன்னதும் பெருமாள்ராஜ், "எழுத்துல இருக்கா?" என்றார். இல்லை. அத்தோடு பேச்சு முடிந்தது.

அடுத்த இரண்டு வாரம் பள்ளிக்கூடம் பட்ட பாடு சொல்லி மாளாது. புத்தகக் கட்டை அறிவியல் டீச்சர் சுகன்யா ஸ்கேலால் அறுக்கப் பார்த்தாள், ஸ்கேல்தான் இரண்டானது. காலாண்டுத் தேர்வு வினாத்தாள் உறையைத் தலைமையாசிரியரே பல்லால் கிழித்தார். முதல் கேள்வியும் சேர்ந்து கிழிந்தது. காம்பஸ் இல்லாமல் ஒன்பதாம் வகுப்பு முழுக்க வளையலை வைத்து வட்டம் போட்டது. எல்லா வட்டமும் ஒரே அளவில் இருப்பதாகக் கணக்கு வாத்தியார் புலம்பினார். யாராவது "யக்கா, கத்தி" என்று பாதியில் நிறுத்தினால், இசக்கித்தாய் பீரோவை மட்டும் மோவாயால் காட்டுவாள்.

இரண்டு வாரம் முடிந்த செவ்வாய்க்கிழமைதான் தாவூது அண்ணாச்சியின் கிடா வந்தது.

தாவூது பள்ளிக்கு எதிரே பழக்கடை வைத்திருப்பவர். அடுத்த பக்ரீதுக்கென்று ஒரு கிடாயைச் சாக்குச் சாக்காகப் பழத்தோல் போட்டு வளர்த்தார். கன்றுக்குட்டி அளவு இருக்கும். அது கயிற்றை அறுத்துக்கொண்டு மைதானத்துக்குள் புகுந்து, செந்தூர்பாண்டி அன்றைக்குத்தான் கட்டிய புது வாலிபால் வலையில் கொம்பைக் கொடுத்து மாட்டிக்கொண்டது. செந்தூர்பாண்டி விசிலை வாயில் வைத்தபடியே ஓடி, குனிந்து கொம்பை விடுவிக்கப் போனார். கிடா தலையை ஒரு சுழற்றுச் சுழற்றியது. கழுத்தில் கிடந்த நைலான் விசில்கயிறு கொம்பிலும் வலையிலும் சேர்ந்து சுற்றிக்கொண்டது.

கிடா இழுக்க, கயிறு இறுக, அவர் மூச்சு விடும்போதெல்லாம் விசில் தானாக ஊதியது. ஒரு விசிலுக்கு எட்டாம் வகுப்பு ஓடிவந்து வரிசையில் நின்றது. இரண்டாவதற்கு விறைப்பாக நின்றது. மூன்றாவதற்குக் கலைந்து உட்கார்ந்தது. சார் இன்றைக்கு ஏதோ புதுப் பயிற்சி கொடுக்கிறார் என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள். மாடியிலிருந்து பார்த்த இசக்கித்தாய்க்குத்தான் அவர் முகம் கறுத்து வருவது தெரிந்தது.

"சார்! சாவி! சாவிய எடுங்க!" என்று கத்திக்கொண்டே படியில் இறங்கி ஓடினாள்.

பெருமாள்ராஜ் பீரோவைத் திறந்து சாக்கை இழுத்தார். காம்பஸும் டிவைடரும் தரையெல்லாம் சிதறின. கத்தியைக் கண்டுபிடித்து எடுத்து மைதானத்துக்கு ஓடிவந்தவருக்கு அதை விரிக்கத் தெரியவில்லை. நகத்தால் பார்த்தார், பல்லால் பார்த்தார்.

"இங்கன குடுங்க சார்!"

ஒரே நொடியில் கத்தி விரிந்தது. இசக்கித்தாய் இடதுகையால் கிடாயின் காதைப் பிடித்து நிறுத்தி, செந்தூர்பாண்டியின் கழுத்துக்கும் கயிற்றுக்கும் நடுவே அலகைக் கொடுத்து, வெளிப்பக்கமாக ஓர் இழுப்பு. கயிறு அறுந்தது. செந்தூர்பாண்டி தொப்பென்று உட்கார்ந்தார். பேச்சு வந்ததும் முதலில் சொன்னது:

"யக்கா... வலைய வெட்டிராதிய... புதுசு..."

இரண்டே கண்ணிகளை அறுத்துக் கிடாயை விட்டாள். அதற்குள் தாவூது மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். "யா அல்லா! ஒண்ணும் ஆவலியே? அடி கிடி பட்டிருக்கா?"

"லேசா கழுத்து வலிக்கு அண்ணாச்சி" என்றார் செந்தூர்பாண்டி.

"நான் கிடாய கேட்டேன் வே" என்றார் தாவூது.

மறுநாள் காலை இறைவணக்கத்தில் பெருமாள்ராஜ் ஒரு தாளோடு நின்றார். தானே வாசகம் எழுதித் தட்டச்சு செய்த ஆணை. அலுவலக உதவியாளர் திருமதி கொ. இசக்கித்தாய், அலுவலகப் பணியின் பொருட்டு, அலகு மூன்றங்குலத்துக்கு மிகாத மடக்குக் கத்தி ஒன்றை, மடக்கிய நிலையில், தம் பொறுப்பில் மட்டும் வைத்திருக்கலாம். மாணவர் எவர் கையிலும் தரலாகாது. பிள்ளைகள் எல்லாருக்கும் தெரிய வேண்டும் என்றுதான் ஒலிபெருக்கியில் படித்தார். காம்பஸ்கள் இனிக் கணக்குப் பாடவேளையில் கொடுக்கப்பட்டு, முடிந்ததும் திரும்ப வாங்கப்படும் என்பதையும் சொன்னார். நஃபீஸத் கையைத் தூக்கவில்லை. அதுவே ஒப்புதல் என்று எடுத்துக்கொண்டார்.

இசக்கித்தாய் கண் கலங்கிவிட்டாள். அன்றைக்கே கடைவீதியில் ஆணையை லேமினேட் செய்து, கத்தியைவிடப் பத்து மடங்கு பெரிய அந்த அட்டையை எங்கே போனாலும் ஒரு துணிப்பையில் வைத்துக்கொண்டாள். "நம்ம கல்யாணப் பத்திரிகையக்கூட இப்பிடி வைக்கலயே" என்றார் கொம்பையா.

இந்த ஆடியில் குடும்பத்தோடு காரையார் கோயிலுக்குப் போனார்கள். பாபநாசம் வனத்துறைச் சோதனைச் சாவடியில் பஸ்ஸை நிறுத்தி, பையெல்லாம் பார்த்தார்கள். காவலர் சுருக்குப்பையைத் தொட்டதும், இந்த நாளுக்காகவே காத்திருந்தவள் போல இசக்கித்தாய் ஆணையை எடுத்து நீட்டினாள். அவர் ஒரு எழுத்து விடாமல் படித்தார். பிறகு கத்தியைப் பார்த்தார்.

"வெள்ளரிக்கா நறுக்கத்தானம்மா? கொண்டு போங்க. ஆனா இந்த அட்ட பிளாஸ்டிக்குலா? காட்டுக்குள்ள பிளாஸ்டிக் விடமாட்டோம். இங்கன வச்சிட்டுப் போங்க, வரும்போது வாங்கிக்கிடலாம்."

அவள் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். நடக்கவில்லை. அன்று முழுவதும் ஆற்றங்கரையில் உட்கார்ந்து, ஆணை இல்லாமலே, வந்த சொந்தக்காரர்களுக்கெல்லாம் வெள்ளரிக்காயும் மாங்காயும் நறுக்கிக் கொடுத்தாள். சாயங்காலம் திரும்பும்போது பஸ்ஸில் நல்ல தூக்கம். சாவடியில் இறங்கி அட்டையை வாங்க வேண்டும் என்ற நினைப்பு திங்கட்கிழமைதான் வந்தது. போய் வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் இருக்கிறாள். இன்னும் போகவில்லை.