ஜெபத்துக்கு வராத விமலா

“ஃபாரின் போயிட்டு வந்தீங்களாமே சிஸ்டர்... டிரிப் எப்படி?”

போர்ட் பிளேர் கராச்சர்மாவில் எங்கள் தெரு முனையில் மளிகைக் கடை வைத்திருக்கும் காதர் பாய் போன வாரம் கேட்டார். ஃபாரின் என்ன ஃபாரின்... இதோ இருக்கிற இலங்கை! போர்ட் பிளேர்க்காரர்களுக்கு மெயின்லேண்ட் போவதே கடல் கடந்த பயணம்தான். சென்னை போய், அங்கிருந்து கொழும்பு, அப்புறம் வேனில் மட்டக்களப்புப் பக்கம் ஒரு மீனவ ஊர். எங்கள் சபையிலிருந்து எட்டுப் பேர். ஒன்பது நாள் ஊழியப் பயணம்.

“ஒம்பது நாள்ல என்ன ஊழியம் செய்வீங்க?”

கிண்டல் இல்லை, நிஜமான சந்தேகம். பருப்பை வாங்கிக்கொண்டு நழுவிவிட்டேன். அவரிடம் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன்.

நான் நிக்கோபாரில் கட்சால் தீவில் பிறந்தவள் என்பது இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். அப்பா இலங்கை மலைத் தோட்டத்திலிருந்து அனுப்பப்பட்டு, கட்சால் அரசு ரப்பர் தோட்டத்துக்கு வேலைக்கு வந்தவர். பத்தொன்பது வயதில் நான் சுனாமியில் தப்பினேன். சபையில் என் அடையாளமே அதுதான். கடவுள் நமக்குச் செய்ததை நாலு பேர் முன்னால் எழுந்து நின்று சொல்வதைத்தான் நாங்கள் சாட்சி என்போம். விசேஷக் கூட்டம் என்றால், “சிஸ்டர், சுனாமி சாட்சி” என்று மைக் என் பக்கம் வந்துவிடும்.

அதற்கு நேரம் பார்ப்பவர் டேவிட் அண்ணன். கட்டட கான்ட்ராக்டர், இந்தப் பயணத்துக்கும் அவர்தான் தலைவர். பல வருஷத்துக்கு முன்பே தன் இந்தி கலந்த தமிழில் எனக்கு விதி போட்டுவிட்டார். “பஸ், தீன் மினிட் சிஸ்டர். அதுக்கு மேல போனா பப்ளிக் போர் ஆயிடும். டீக் ஹே?”

மூன்று நிமிடம்தானே? வாரா வாரம் எழுத்தை வெட்டிச் சுருக்குகிற எனக்கு இது ஒரு வேலையா? சுருக்கினேன்.

‘கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிறு. மேட்டில் இருந்த ஜெப வீட்டில் ஆறு மணி ஜெபத்துக்குக் கூடியிருந்தோம். தரை ஆடியது. பிறகு கடல் வந்தது. ஜெபத்துக்கு வந்த எங்களில் ஒருவருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. என் சிநேகிதி விமலா அன்று ஜெபத்துக்கு வரவில்லை. அவள் உடல்கூடக் கிடைக்கவில்லை.’

எல்லாம் நடந்ததுதான். ஒரு வரி பொய் இல்லை. விமலா பெயர் வந்ததும் கூட்டம் ‘ச்சு’ கொட்டும். டேவிட் அண்ணன் திருப்தியாகத் தலையாட்டுவார். இலங்கைக்கும் இதே மூன்று நிமிடத்தைத்தான் பெட்டியில் போட்டுக்கொண்டு போனேன்.

பகலில் வீடு வீடாகப் போய்ப் பார்ப்போம். மாலையில் கூட்டம். மூன்றாம் நாள் கூட்டம் முடிந்ததும் ரோசலின் அக்கா என்கிற அம்மா என்னிடம் வந்தார். எங்களுக்குத் தினமும் சமைத்துப் போட்டவர்.

“தங்கச்சி, ஒண்டு கேக்கட்டா? உங்கட சிநேகிதி ஏன் அண்டைக்கு ஜெபத்துக்கு வரல்ல?”

இத்தனை வருஷத்தில் யாரும் கேட்காத கேள்வி. கரையோரம் ஒரு நிக்கோபாரிக் குடும்பம் இருந்தது, எங்கள் இரண்டு வீட்டுக்கும் பழக்கம். அவர்களுக்குக் கிறிஸ்துமஸ் பலகாரம் கொடுக்க விமலா விடியும்போதே இறங்கிப் போயிருந்தாள். நேரம் போதாதென்று நான் வெட்டி எறிந்த வரி அது.

சொன்னேன். ரோசலின் அக்கா தலையசைத்துக் கேட்டுக்கொண்டார்.

“குறை நினைக்காதீங்க. என்ட மகள் அண்டைக்கு சண்டே ஸ்கூலுக்குத்தான் போனவ. எங்கட சேர்ச் கடக்கரையிலதான் இருந்தது. ஒம்பது வயசு.”

அழவில்லை, கோபிக்கவில்லை. நாற்காலிகளை எடுத்து அடுக்கத் தொடங்கிவிட்டார்.

எனக்கு வெட்கமாக இருந்தது. ஜெபத்துக்குப் போனதால் பிழைத்தேன் என்று நான் வாயால் சொன்னதில்லைதான். ஆனால் கேட்டவர்கள் வேறு எப்படிப் புரிந்துகொள்வார்கள்? அப்படியென்றால் தேவாலயத்துக்குள்ளேயே இருந்த அந்தக் குழந்தை என்ன தப்பு செய்தது? பலகாரம் கொண்டுபோன விமலா என்ன தப்பு செய்தாள்? செத்துப்போனவளை நிற்க வைத்து, என் பக்திக்குப் பக்கத்தில் அளவு பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்... இத்தனை வருஷமாக!

மறுநாள் கூட்டத்துக்கு முன்னால் டேவிட் அண்ணன் உற்சாகமாக வந்தார். “நேத்து பப்ளிக் ரோ ரஹா தா சிஸ்டர், ஒரே அழுகை! இன்னிக்கும் அதே சாட்சி.”

“சொன்னா முழுசாச் சொல்றேன் அண்ணா. இல்லன்னா உக்காந்துக்கறேன்.”

“முழுசான்னா... கித்னா டைம்?”

“தெரியாது.”

என் முகத்தைப் பார்த்தார். மைக்கைக் கொடுத்தார்.

விமலா பற்றித்தான் பேசினேன். அவள் எப்படிச் சிரிப்பாள், ஞானப்பாட்டில் எந்த இடத்தில் ராகத்தைக் கோட்டை விடுவாள், அன்று எதற்காகக் கீழே போனாள் என்று. கடைசியில், “நான் மேட்டில் இருந்தேன், அவள் கரையில் இருந்தாள். ஏன் அப்படி என்று எனக்குத் தெரியாது. தெரியாமல்தான் இன்றும் ஜெபம் பண்ணுகிறேன்” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

அல்லேலூயா சத்தம் எழவில்லை. பிறகு ரோசலின் அக்கா எழுந்து தன் மகளின் பெயரைச் சொன்னார். பின்னாலிருந்து ஒருவர் தன் மனைவியின் பெயரைச் சொன்னார். அப்புறம் இன்னொருவர்... அன்று பிரசங்கமே நடக்கவில்லை. டேவிட் அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு கடைசிவரை நின்றுகொண்டே இருந்தார்.

கதை இதோடு முடியவில்லை. ஊர் திரும்பியதும் ஞாயிறு ஆராதனையில் பயண அறிக்கை சொல்ல என்னைக் கூப்பிட்டார்கள். மேடையில் ஏறி நிமிர்ந்து பார்த்தேன். மூன்றாவது வரிசையில், ஜன்னலோரம், விமலாவின் அம்மா.

சுனாமிக்குப் பிறகு இங்கே வந்து குடியேறியவர். வாரம் தவறாமல் அதே இடத்தில்தான் உட்காருவார். அந்த மூன்று நிமிடத்தை எத்தனை முறை கேட்டிருப்பார்! ‘விமலா ஜெபத்துக்கு வரவில்லை’ என்று ஒவ்வொரு முறையும் நான் சொல்லும்போது அவர் தலையைக் குனிந்துகொண்டிருந்தாரா? நான் பார்த்ததே இல்லையே.

முழுசாகச் சொன்னேன். ஆராதனை முடிந்ததும் வாசலில் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“நாலு மணிக்கே எழும்பித் தல குளிச்சா புள்ள. ஜெபத்துக்குன்னு புதுச் சுடிதாரத்தான் போட்டிருந்தா. ‘பாட்டு முடியறதுக்குள்ள வந்துருவேம்மா’ன்னு சொல்லிட்டுத்தான் எறங்கிப் போனா.”

இத்தனை வருஷத்தில் விமலாவைப் பற்றி அவர் என்னிடம் பேசியது அதுதான் முதல் தடவை. அங்கேயே, அவர் தோளில் சாய்ந்து அழுதுவிட்டேன்.

மேடையிலிருந்து மூன்றாவது வரிசைக்குப் போய்ச் சேர, நான் கொழும்பைச் சுற்றிக்கொண்டு வந்திருக்கிறேன் பாருங்கள்!