சினிமா பார்க்கும் விதைநெல்

நன்னிலத்துக்குக் கிழக்கே ஓர் ஊரில் விதைநெல்லுக்குச் சினிமா காட்டுகிறார்களாம். பேருந்து நிலைய டீக்கடையில் முதலில் கேட்டபோது நெல் சும்மா படம்தான் பார்த்துக்கொண்டிருந்தது. அடுத்த வாரம் கூத்தாநல்லூருக்குப் போவதற்குள் அது ஒரு மா நிலத்துக்கு இரண்டு மூட்டை கூடுதலாக விளையத் தொடங்கியிருந்தது. மயிலாடுதுறை ரயிலில் எதிர் சீட்டுக்காரர் இன்னும் விவரமானவர். சண்டைப் படம் பார்த்த நெல்லைப் புகையான் பூச்சி அண்டாது, குடும்பப் படம் பார்த்தது தூர் அதிகம் கட்டும் என்றார். எனக்கு விவசாயமும் தெரியாது, சினிமாவும் தெரியாது. எழுதுவதற்கு இதைவிடப் பொருத்தமான ஆள் கிடைக்கமாட்டான் என்று புறப்பட்டுப் போனேன்.

வீட்டைக் கண்டுபிடித்து உள்ளே நுழைந்தபோது, ஹாலின் நடுவே ஒருவர் நின்று கைதட்டினார். இரண்டே தட்டு. பிறகு கிணற்றில் கல்லைப் போட்டவர் போலத் தலையைச் சாய்த்துக் காத்திருந்தார். எனக்கான வரவேற்பு என்று நினைத்துக் கும்பிட்டேன். அவர் கண்டுகொள்ளவில்லை.

அவர்தான் ஜெயபால். இந்தப் பக்கத்து ஊர்களில் ஹோம் தியேட்டர் மாட்டிக் கொடுப்பவர். எந்த வீட்டுக்குள் போனாலும் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே இரண்டு தட்டு தட்டி, சுவர் என்ன பதில் சொல்கிறது என்று கேட்பார். போன மாதம் ஒரு துக்க வீட்டில் மாலை போட்டுவிட்டு நிமிர்ந்தவர் பழக்கத்தில் தட்டிவிட்டார். பங்காளிகள் எல்லோரும் திரும்பினார்கள். “எக்கோ ஜாஸ்தியா இருக்குங்க” என்று, ஆறுதல் சொல்லும் குரலிலேயே சொன்னாராம்.

வயது நாற்பத்தெட்டு. இடுப்பில் ஒரு பை, காதில் ஒரு பென்சில், சட்டைப் பையில் அளவுக்கு முடிச்சுப் போட்ட நூல்கண்டு. “சிங்கப்பூர்ல மூணு வருசம் தியேட்டர் லைன்ல இருந்தேங்க” என்பார். பொய்யில்லை. காட்சி முடிந்ததும் இருக்கைகளுக்கு அடியில் சிந்திக்கிடக்கும் சோளப்பொரியைக் கூட்டி அள்ளும் வேலை. அள்ளும்போது காதைத் திறந்து வைத்திருந்தார். மொத்த வித்தையும் அப்படி வந்ததுதான். “சத்தம் வேற, சவுண்டு வேறங்க” என்பது அவருடைய திருமந்திரம். “சத்தத்தக் காதுல வாங்கலாம். சவுண்ட நெஞ்சுலதான் வாங்கணும்.” இதைச் சொல்லும்போது எதிராளியின் நெஞ்சில் ஒரு குத்து விழும்.

வேலையைத் தொடங்கும்போது வீட்டுக்காரரை சோபாவின் நடுவில் உட்காரவைத்துவிடுவார். அவர் அசையக்கூடாது, அவருடைய மூக்குதான் கணக்கு. மூக்கிலிருந்து நூலைப் பிடித்து முன்னால் இரண்டு பெட்டி, டிவிக்குக் கீழே ஒன்று, முதுகுப் பக்கம் இரண்டு. ஆறாவதாக, நெஞ்சில் குத்துவதற்கென்றே பிறந்த கறுத்த, பருத்த ஊஃபர். அதை எந்த மூலையில் வைப்பது என்பதில் ஜெயபால் அறிவியலையும் வாஸ்துவையும் சமமாக மதிக்கிறார். வீட்டுக்காரர் எதை முதலில் சொல்கிறாரோ, அதுவே சரி.

இந்த வீட்டுக்காரர் இராஜாங்கம். சொந்தமாக ஒரு வேலி நிலம், சிங்கப்பூரில் ஒரு மச்சினர். மச்சினர் அனுப்பிய பெட்டிகளைப் போன தீபாவளிக்கு முன்னால் ஜெயபால் வந்து மாட்டினார். குறுவை அறுப்பு முடிந்து மழை பிடித்துக்கொண்ட நேரம். ஈரப்பதம் கூடுதல் என்று கொள்முதல் நிலையத்தில் திருப்பி அனுப்பிய நெல், அறுபது மூட்டை, ஹாலில் மூன்று பக்கச் சுவரையும் மறைத்து உத்தரம் வரைக்கும் அடுக்கியிருந்தது. நடுவில் சோபாவுக்கும் டிவிக்கும் மட்டும் இடம். அந்தக் குகைக்குள் ஜெயபால் கைதட்டினார். சுவர் பதிலே சொல்லவில்லை. அவர் வாழ்நாளில் அப்படி ஒரு ஹாலைப் பார்த்ததில்லை.

முதல் சோதனைக்கு மழைச் சத்தம் ஒன்றை ஓடவிட்டார். முதுகுப் பக்கப் பெட்டிகளில் சடசடவென்று பிடித்ததுதான் தாமதம், இராஜாங்கம் சோபாவிலிருந்து குதித்துப் படுதாவை இழுத்துக்கொண்டு சாலையில் காயும் மிச்ச நெல்லை மூட ஓடினார். வெளியே நல்ல வெயில். “சர்டிபிகேட்டு எதுக்குங்க எனக்கு? மனுசன் படுதாவத் தூக்கிட்டு ஓடுனாரு பாருங்க” என்று ஜெயபால் இன்றைக்கும் நன்னிலம் முழுக்கச் சொல்லித் திரிகிறார். இராஜாங்கமும் பக்கத்தில் நின்று பெருமையாகத் தலையாட்டுகிறார்.

தீபாவளி முடிந்த வாரம் நெல் காய்ந்தது, அறுபது மூட்டையும் கொள்முதல் நிலையத்துக்குப் போய்விட்டது. மறுநாள் படம் போட்டால், கதாநாயகன் கதவைத் தட்டினான், வீடே குமுறியது. வசனம் தொட்டிக்குள்ளிருந்து வந்தது. ஜன்னல் கம்பி ரீங்கரித்தது. ஜெயபாலை வரவழைத்தார்கள். அவர் முதலில் கரண்டைக் குறை சொன்னார். பிறகு ஒயரை மாற்றினார். பிறகு ஊஃபரைக் கன்னி மூலையிலிருந்து வாயு மூலைக்கு நகர்த்தி, பலிக்காமல், மறுபடியும் கன்னி மூலைக்கே கொண்டுவந்து சூடம் காட்டச் சொன்னார். மூட்டைகளை வைத்துக்கொண்டு அளவெடுத்ததும், மூட்டைகள் போய்விட்டதும் அவர் நூலில் எந்த முடிச்சிலும் இல்லை.

அதைச் சொன்னவள் எதிர்வீட்டு எல்லையம்மாள். ஆறு மா குத்தகை நிலம், ஒரு கறவைப் பசு, ஓர் அலமாரி நிறைய எவர்சில்வர் பாத்திரம். இவ்வளவுதான் அவள் சொத்து. அலமாரிப் பாத்திரங்கள் நடுங்குகின்றன என்று முறையிட வந்தவள், ஹாலை ஒரு பார்வை பார்த்துவிட்டு, மூட்டை இருந்த வரைக்கும் வீடு வாயை மூடிக்கொண்டிருந்தது, போனதும் கத்துகிறது, இது தெரியவில்லையா என்று கேட்டாள்.

மூன்று வருடச் சிங்கப்பூர் நூலைச் சுருட்டிப் பைக்குள் போட்டது. ஆனால் ஐந்து நிமிடத்தில் அது ஜெயபால் கண்டுபிடித்ததாகிவிட்டது. இராஜாங்கம் வீட்டில் ஒரு மூட்டைகூட மிச்சமில்லை. அவர் விதைக்குக்கூட அரசு விதை டிப்போவுக்குப் போகிறவர். அடுத்த குறுவைக்கென்று முப்பது முப்பது கிலோவாகக் கட்டி, வேப்பிலை போட்டு எல்லையம்மாள் வைத்திருந்த இரண்டு விதை மூட்டைகள்தான் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன. நாலே நாள், சோதித்துவிட்டுத் தருகிறேன் என்று ஜெயபால் தூக்கி வந்தார். அது கார்த்திகை. இப்போது ஆனி.

மூட்டைகள் ஊஃபருக்குப் பின்னால் கன்னி மூலையில் நின்றன. நெல் மூட்டையை வைத்துக்கொண்டு சவுண்டு என்று சொல்ல முடியாதல்லவா. மெரூன் நிற வெல்வெட் வாங்கி, அளவெடுத்து வெட்டி, உறை மாதிரி மாட்டிவிட்டார். அப்படியும் வந்தவர்களுக்கு நெல் வாசனை தெரிந்துவிட்டது. அடுத்தவர் வீட்டு விதை என்று சொல்ல இராஜாங்கத்துக்குக் கூச்சம். “வெதைக்குப் படம் காட்டுறோம், மொளப்பு நல்லா இருக்குமாம்” என்று ஒரு நாள் வாயில் வந்ததைச் சொல்லிவிட்டார். அந்தப் பேச்சுதான் பேருந்து ஏறி, ரயில் ஏறி, என்னிடம் வந்தது. வதந்தியைச் சரிபார்த்தாயிற்று: நெல் படம் பார்ப்பது உண்மை. விருப்பத்தோடு பார்க்கவில்லை.

திரும்பலாம் என்று எழுந்தபோது எல்லையம்மாள் வந்தாள். காலில் முழங்கால் வரை சேறு, வாசலிலேயே நின்றுகொண்டாள். முடிகொண்டான் ஆற்றில் தண்ணீர் வந்து இரண்டு நாளாகிறது. நாற்றங்காலை உழுது பரம்படித்துவிட்டு நேராக வந்திருந்தாள்.

“தம்பி, தண்ணி வந்துட்டு. நாத்தங்கால்ல சேறு தயாரா இருக்கு. வெத மட்டும் ஒங்க டீவிக்கு முன்னாடி நிக்குது.”

“ஞாயித்துக்கெழம மச்சினர் வர்றாருக்கா. கேட்டுட்டுப் புடிச்சிட்டா அவரு புது வீட்டு வேலையும் எனக்குத்தான். திங்கக்கெழம நானே தூக்கியாந்து போட்டுடுறேன்” என்றார் ஜெயபால்.

“இதயேதான் வைகாசிலயும் சொன்னீங்க. அப்ப எந்த மச்சினரு வந்தாரு?”

இராஜாங்கம் சோபாவின் நடுவில், தன் மூக்கை அசைக்காமல் உட்கார்ந்திருந்தார். டிவி அணைந்திருந்தது, அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். இது உங்கள் இரண்டு பேருக்கும் உள்ள கொடுக்கல் வாங்கல் என்பது போல அவருடைய கழுத்து இருந்தது.

உமி மூட்டை வைத்துக்கொண்டால் ஆகாதா என்று அவள் கேட்டாள். உமியில் அந்தக் கனம் வராது, விதைநெல் மாதிரி எதுவும் ஊஃபரைக் கட்டிப்போடாது என்று ஜெயபால் நூல்கண்டை உருட்டியபடி விளக்கினார். எல்லையம்மாள் பொறுமையாகக் கேட்டாள்.

“கட்டிப்போட்டுச்சா? மூட்ட இங்க வந்து ஏழு மாசமாவுது. எங்க வீட்டு அலமாரி இன்னும் அதிர்ந்துகிட்டுதான் தம்பி கெடக்கு.”

அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்து ஈரத்துணி ஒன்றை விரித்தாள். போன வாரம் வந்தபோது மூட்டையிலிருந்து கிள்ளிப்போன பத்து நெல். ஒன்பது வெள்ளையாக மூக்கு விட்டிருந்தன. விதையில் உயிர் இருக்கும்போதே கொடுத்துவிடச் சொன்னாள். ஒரு மூட்டை மூன்று மாவுக்குத்தான் காணும், இரண்டும் இல்லாமல் ஆறு மாவும் ஆகாது என்றாள். பிறகு, பதிலுக்குக் காத்திராமல், சேற்றுக் காலோடு டைல்ஸில் நடந்து போய், வெல்வெட்டை உருவிக் கீழே போட்டு, ஒரு மூட்டையைப் புரட்டித் தலையில் ஏற்றிக்கொண்டாள். முப்பது கிலோ. கை கொடுக்க யாரும் எழவில்லை, நானும்தான்.

“இந்தா, இத எறக்கிட்டு வர்றேன். அது அங்கயே இருக்கட்டும்” என்றாள் ஜெயபாலிடம், குழந்தையைப் பார்த்துக்கொள்ளச் சொல்வது போல.

ஜெயபால் தலையாட்டினார். சிந்தியிருந்த ஏழெட்டு நெல்லைக் குனிந்து பொறுக்கி, மிதிபடாமல் ஓரமாக வைத்தார். எனக்கே ஒரு நிமிடம் அவர்மேல் மரியாதை வந்தது. அவள் தெருவைத் தாண்டிக்கொண்டிருந்தாள். அவர் வாசல் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். மிச்சமிருந்த மூட்டையை இழுத்து மூலையின் நட்டநடுவில் நிறுத்தினார். இரண்டு மூட்டைக்கு வெட்டிய வெல்வெட்டை இரட்டையாக மடித்து அதன்மேல் போர்த்தினார். பிறகு ஹாலின் நடுவுக்கு வந்து, இரண்டு முறை கைதட்டி, தலையைச் சாய்த்தார்.