நீல மீனுக்கு அம்மை

செனாய் ஊர்த் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் ரூபேந்திரன் வளர்க்கவென்று புதிதாக வாங்கிய கடல்மீனின் நீல உடம்பில் வெள்ளைப் புள்ளிகள் பூத்திருந்தன. ஒட்டுண்ணிதான். கூடத்துத் தொட்டியில் இருந்த மற்ற மீன்களுக்குப் பரவாதிருக்க, பின்னறையில் வெறும் கண்ணாடித் தொட்டி ஒன்றில் அதைத் தனியே விட்டு, செம்பு மருந்தைச் சொட்டுச் சொட்டாக அளந்து ஊற்றினான். முப்பது நாள் கணக்கு.

எட்டிப் பார்த்த மனைவி யோகேஸ்வரி, "இது அம்மை லா, வேற என்ன?" என்றாள்.

மறுநாள் அறைக்கதவில் வேப்பிலை தொங்கியது. சமையலில் மீன் நின்றுபோனது.

"வீட்ல அம்மை போட்டிருக்கப்ப கவிச்சி ஆகாதுங்க."

அம்மை மீனுக்குத்தானே என்று கேட்டிருக்கலாம். அவளிடம் யார் வாயைக் கொடுப்பது?

தினமும் வேலை முடிந்து வந்ததும் தொட்டியருகே உட்கார்ந்துவிடுவான். சன்னல் வெயில் தண்ணீரில் ஆடிச் சுவரெல்லாம் கடலாகும். மறைவுக்கென்று அவன் போட்டிருந்த குழாய்த் துண்டுக்குள்ளிருந்து மீன் மெல்ல வந்து அவனைப் பார்க்கும். காதிலிருந்து இயந்திர இரைச்சல் வடிந்து, அவனும் நீருக்குள் மிதப்பதுபோல் இருக்கும்.

முப்பதாம் நாள் மீன்மேல் ஒரு புள்ளியும் இல்லை. யோகேஸ்வரி வேப்பிலையைக் கழற்றினாள்.

"சரியாயிருச்சு. மார்க்கெட்ல நல்ல மீனா பாத்து வாங்கிட்டு வாங்க."

மார்க்கெட்டில் ஐஸ்மேல் கிடந்த மீன்களின் கண்களை வெகுநேரம் பார்த்து நின்றவன், வெண்டைக்காய் வாங்கிக்கொண்டு வீடு திரும்பினான்.