மூன்று கேள்வியில் ஓர் அகப்பக்கம்

சிலர் 'பெருமைக்காகச் சொல்லவில்லை' என்று ஆரம்பிப்பார்கள். நான் பெருமைக்காகத்தான் சொல்கிறேன். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் நான்காம் வகுப்போடு புத்தகத்தை மூடியவன் நான். லூனாஸ் பக்கத்து ரப்பர்த் தோட்டங்களில் தொழிலாளர் வீட்டு லயம் லயமாகச் சைக்கிள் மிதித்துக் கற்பூரமும் ஊதுபத்தியும் விற்றேன். இன்று சுங்கைப் பட்டாணியில், நடுச்சுவரை இடித்து இரண்டு கடைகளை ஒன்றாக்கிய பூசைப் பொருள் கடை எனக்கு இருக்கிறது. அந்தக் கடைக்கு ஓர் அகப்பக்கமும் இருக்கிறது. கண்ணாடி போடாமல் போனைப் பார்க்க முடியாத பாட்டிமார்கூட அதில் சாமான் வாங்குகிறார்கள். யார் செய்தது என்று கேட்பவர்களிடம் "நான்தான்" என்று சொல்லிவிடுவேன். பக்கத்தில் என் மருமகள் நின்றால் மட்டும் "நாங்கதான்" என்பேன்.

உண்மையில் அது என் மனைவியின் முட்டிக்காக வந்த அகப்பக்கம்.

முப்பது வருடமாக அவள் கடை வாசலில் நின்றுகொண்டே இருந்தாள். நான் கல்லாவில் உட்கார்ந்திருப்பேன், அவள் நிற்பாள். இரண்டு முட்டியும் தேய்ந்துபோய், வலது முட்டியை மாற்றியே ஆக வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆனால் அவள் ஆஸ்பத்திரிக்குத் தேதி வாங்கவே விடவில்லை.

"நான் ரெண்டு மாசம் படுத்துட்டா கடைய யாரு பாக்குறது?"

"நான் இல்லையா?"

"நீங்க இருக்கீங்கன்னுதான் பயமா இருக்கு" என்றாள்.

என் மகன் வெளியூர் வேலையில் இருக்கிறான். மருமகள் எங்களோடு இருந்துகொண்டு கூலிம் பக்கத்தில் ஒரு தொழிற்சாலையில் கணினி வேலை பார்க்கிறாள். அவள்தான், "அத்தை, ஆளுங்க போன்லயே பாத்து ஆர்டர் போட்டா நீங்க உக்காந்துக்கலாம். அப்பறம் தைரியமா ஆப்பரேஷன் செஞ்சுக்கலாம்" என்றாள். என் மனைவி யோசித்தாள். "நான் செய்யுற வேலைய அந்தப் போன் செஞ்சிச்சின்னா அன்னைக்குப் போறேன்" என்றாள்.

அவ்வளவுதான் பந்தயம். நான் உடனே களத்தில் இறங்கினேன்.

என் கடை அடுக்கைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். மற்ற கடைகளில் சாமானைக் கண்டபடி வைத்திருப்பார்கள். என் கடையில் ஓர் ஒழுங்கு உண்டு. முதல் அலமாரியில் நான் சைக்கிளில் விற்ற கற்பூரம், ஊதுபத்தி, சாம்பிராணி. இரண்டாவதில், மோட்டார் சைக்கிள் வாங்கிய பிறகு பினாங்கிலிருந்து கொண்டுவந்த குத்துவிளக்கு, செம்பு, தாம்பாளம். மூன்றாவதில், முதல் கடை பிடித்தபோது சேர்த்த வேட்டி, துண்டு, பட்டு. இப்படி எட்டு அலமாரி. நான் எப்படி வளர்ந்தேனோ அந்த வரிசையில் கடையும் வளர்ந்தது. அகப்பக்கமும் அதே வரிசையில் இருக்க வேண்டும் என்று மருமகளிடம் சொன்னேன். மேலே பொன்னாடை போர்த்திய என் படம். அதற்குக் கீழே முதல் அலமாரி, இரண்டாம் அலமாரி என்று எட்டுக் கட்டங்கள்.

"மாமா, வாங்க வர்றவங்களுக்கு அலமாரி நம்பரு தெரியுமா?" என்று அவள் கேட்டாள்.

"முப்பது வருஷமா வர்றாங்கம்மா. தெரியாமலா இருக்கும்?"

மரியாதை தெரிந்த பெண். செய்து கொடுத்தாள்.

முதல் வாரம் வந்தது ஒரே ஓர் ஆர்டர். அதுவும் மருமகளின் அப்பா போட்டது. ஆனால் தொலைபேசி மட்டும் ஓயவில்லை. "அக்கா, ஒங்க வெப்சைட்டு ரொம்ப சூசாவா இருக்குலா, ஒண்ணும் கண்டுபுடிக்க முடியல. தர்ப்பைப் புல்லு எங்க இருக்கு?" முன்பெல்லாம் நின்றுகொண்டு சாமான் மட்டும் எடுத்துக் கொடுத்தவள், இப்போது நின்றுகொண்டு போனும் பேசினாள். சாயங்காலம் முட்டி பந்துபோல வீங்கியிருந்தது. எண்ணெய் தேய்த்துவிட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மருமகள் ஒரு காரியம் செய்தாள். கோயில் மாதர் குழுத் தலைவியையும், செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுநர் ஒருவரையும் வீட்டுக்கு அழைத்தாள். இரண்டு பேரும் எங்களுடைய பழைய வாடிக்கை. ஆளுக்கொரு போனைக் கையில் கொடுத்து, "அடுத்த வாரம் ஒங்க தங்கச்சி புதுவீடு குடி போறாங்கன்னு வச்சுக்குங்க. சாமான் வாங்குங்க" என்றாள். மற்றவர்கள் பார்த்துக்கொண்டு மட்டும் இருக்க வேண்டும், வாய் திறக்கக் கூடாது. அதுதான் சட்டம்.

லாரிக்காரர் என் படத்தின் மீது விரலை வைத்துத் தட்டினார். மறுபடி தட்டினார்.

"அண்ணே, ஒங்கள எவ்ள தட்டுனாலும் தொறக்க மாட்டேங்குறீங்க."

"அது தொறக்க இல்ல தம்பி. பாக்க."

"பாத்தாச்சு அண்ணே. அழகாத்தான் இருக்கீங்க. அப்பறம் எங்க போறது?"

நான் தொண்டையைச் செருமினேன்.

"மாமா, பேசக் கூடாதுன்னு சொன்னேன்ல?"

"நான் எங்கம்மா பேசுனேன்? இருமுனேன்."

"மூணாவது அலமாரின்னு இருமுனீங்க."

மாதர் தலைவி சிரித்துச் சிரித்துப் போனைக் கீழே வைத்துவிட்டார். "அண்ணே, கோச்சுக்காதீங்க. ஒங்க கடைக்கு நான் எத்தனை தடவ வந்திருப்பேன்? மூணாவது அலமாரி எதுன்னு எனக்கு இன்னைக்குத்தான் தெரியும். நான் வாசல்ல நிப்பேன். அக்கா எடுத்துக் குடுக்கும்" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. மறுநாள் கல்லாவில் உட்கார்ந்து வாசலையே பார்த்தேன். காலையிலிருந்து சாயங்காலம் வரை ஒருவர்கூட அலமாரிப் பக்கம் போகவில்லை. எல்லாரும் வாசலில் நின்று என் மனைவியிடம் வீட்டு விசேஷத்தைச் சொன்னார்கள். அவள் திரும்பத் திரும்ப மூன்றே கேள்விதான் கேட்டாள். என்ன காரியம்? என்னைக்கு? யாரு வந்து செய்யுறா? ஐயர் வருகிறார் என்றால் ஹோமச் சாமான் ஒரு பக்கம் சேரும். பண்டாரம் வருகிறார் என்றால் எலுமிச்சம்பழமும் வேப்பிலையும் வேறு கணக்கில் சேரும். வீட்டுப் பெரியவர்களே செய்கிறார்கள் என்றால், "இவ்வளவு எதுக்கு, பாதி போதும்" என்று அவளே எடுத்ததைத் திரும்ப வைப்பாள். நாலு நாள் கழித்துத்தான் விசேஷம் என்றால் தேங்காயையும் வெற்றிலையையும் அன்றைக்குத் தரமாட்டாள். என் எட்டு அலமாரியும் அவள் ஒருத்தியின் தலைக்குள் வேறு விதமாக அடுக்கியிருந்தது. முப்பது வருடமாக எட்டடி தூரத்தில் உட்கார்ந்திருந்தவன் நான். அன்றைக்குத்தான் கண்டேன். அதைக் கண்டவனும் நான்தானே என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அடுத்த ஞாயிறு அவளை நாற்காலியில் உட்கார வைத்தோம். அவள் சொல்லச் சொல்ல மருமகள் கிழித்த நாட்காட்டித் தாள்களின் பின்பக்கத்தில் எழுதினாள். ஒரு காரியத்துக்கு ஒரு தாள். காது குத்து, புதுவீடு, பால்குடம், வளைகாப்பு. தரை முழுக்கத் தாள். நான் மின்விசிறியைப் போட்டு எல்லாவற்றையும் பறக்கவிட்டேன். என்னை வெளியே அனுப்பிவிட்டார்கள்.

புதிய அகப்பக்கத்தின் மேலே என் படம் இல்லை. அது அடியில், முகவரிக்குப் பக்கத்துக்குப் போனது. வாசலில் மூன்று கேள்விகள் மட்டும். பதிலைத் தட்டினால் சாமான் பட்டியல் வந்து நிற்கும், வேண்டாததை எடுத்துவிடலாம். லாரிக்காரர் இரண்டு நிமிடத்தில் வாங்கி முடித்தார். "இப்ப செனாங் அண்ணே, ரொம்ப சுலபம், அக்காகிட்ட பேசுற மாதிரியே இருக்கு" என்றார். ஆர்டர் வர ஆரம்பித்தது. என் மனைவி ஒரு மணி நேரம் தொடர்ந்து உட்கார்ந்திருந்ததைக் கண்ணால் பார்த்தேன்.

பிறகுதான் அந்த அடி விழுந்தது. லூனாஸிலிருந்து ஒரு கல்யாணப் பெண்ணின் அம்மா போன் செய்தார். தாலிக்குக் கயிறும் மஞ்சளும் தேடியிருக்கிறார். பட்டியல் சரியாக வந்திருக்கிறது. அதற்குக் கீழே, 'இதையும் பார்க்கலாம்' என்று கணினி தானாகக் காட்டும் வரிசையில், கொள்ளிச் சட்டி வந்து நின்றிருக்கிறது.

"எம்மக கல்யாணத்துக்கு இதையா காட்டுவீங்க? ஒங்க வீட்டுல பொம்பளப் புள்ள இல்லையா?" அந்த அம்மாவின் குரல் போனை விட்டு வெளியே கேட்டது. என் மனைவி நின்றபடியே மன்னிப்புக் கேட்டாள். மறுநாள் நேரில் போய், தாம்பாளத்தில் பூவும் பழமும் கொடுத்துவிட்டு வந்தாள். மருமகள் அழுதுவிட்டாள். "கணினிக்கு ரெண்டும் சாமான்தான் அத்தை. எனக்குத் தோணியிருக்கணும்."

"அதனாலதான் நான் நிக்கிறேன்" என்றாள் என் மனைவி. ஆப்பரேஷன் பேச்சு அதோடு நின்றது.

எங்கள் கடையில் அந்தச் சாமான்கள் பின்னறையில் இருக்கும். சந்துப் பக்கம் தனிக் கதவு. சாவு வீட்டிலிருந்து வருகிறவர் முன்வாசலை மிதிக்க மாட்டார், சந்தில் நிற்பார். எந்தப் பொருளையும் பெயர் சொல்லிக் கேட்க மாட்டார். என் மனைவி முகத்தைப் பார்த்து எழுந்து போவாள். மருமகள் அகப்பக்கத்திலும் அதற்கென்று தனிக் கதவு வைக்கலாம் என்றாள்: தனிப் பக்கம், தனிப் படங்கள்.

"படம் வேணாம்" என்றாள் என் மனைவி. "அந்த நேரத்துல ஒருத்தன் படம் படமா பாத்துத் தேடணுமா? கேள்வியும் கேக்கக் கூடாது. ஒரு போன் நம்பரு போதும்."

அப்படியே செய்தோம். அந்தச் சாமான் எதையும் அகப்பக்கத்தில் வைக்கவில்லை. 'அவசரத் தேவைக்கு அழையுங்கள்' என்று ஒரே வரி. எண் என்னுடையது. நான்தான் கேட்டு வாங்கிக்கொண்டேன். வாயாடி என்று பெயரெடுத்தவனிடம் அந்தப் போனைக் கொடுக்கலாமா என்று இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

மூன்றாம் நாள் காலை பத்து மணிக்கு மணி அடித்தது. மறுமுனையில் ஓர் ஆண் குரல். "அண்ணே..." என்றது. அதற்கு மேல் வரவில்லை.

"எந்த ஊரு தம்பி?" என்றேன்.

"தஞ்சோங் டாவாய்."

"ரோட்டு முனையில ஆள நிக்கச் சொல்லுங்க. நான் கொண்டாறேன்."

வேறொன்றும் கேட்கவில்லை. பின்னறையில் என் மனைவி எப்போதும் எடுக்கும் வரிசையில் எடுத்தேன். நானே வேனை ஓட்டிப் போய் வாசலில் இறக்கிவிட்டு, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் திரும்பினேன். கடைக்கு வந்தபோது அவள் சந்துக் கதவருகே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள்.

"எல்லாம் எடுத்துப் போனீங்களா?"

"போனேன்."

"வர்றேன்னு சொல்லிட்டு வந்தீங்களா?"

"சாவு வீட்டுல சொல்லுவேனா? எனக்குத் தெரியாதா?"

கொஞ்ச நேரம் முட்டியைத் தடவிக்கொண்டிருந்தாள். "ஆஸ்பத்திரிக்குத் தேதி வாங்குங்க" என்றாள்.

ஆப்பரேஷன் நல்லபடியாக முடிந்தது. மூன்றாம் நாள் மதியம் கடையைச் சாத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவள் கட்டிலில் சாய்ந்தபடி, அன்றைய ஆர்டர்களைப் படிக்கச் சொன்னாள். நான் ஒவ்வொன்றாகப் படித்தேன். சாமான் கொண்டுபோய்க் கொடுக்கும் விவரம் எழுத ஒரு கட்டம் இருக்கிறது. ஆட்கள் அதில் 'அக்கா கால் எப்படி இருக்கு', 'அக்கா கஞ்சி குடிங்க' என்று எழுதியிருந்தார்கள். அவள் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள். தூங்கிவிட்டாள் என்று நினைத்துக் குரலைத் தாழ்த்தினேன்.

"அந்தப் புதுவீட்டு ஆர்டர மறுபடி படிங்க" என்றாள்.

படித்தேன்.

"பூசணிக்கா எங்க?"

பட்டியலில் பூசணிக்காய் இல்லை. தாளில் எழுதும்போது அவளே சொல்ல மறந்திருக்கிறாள். அதை நான் வாய் திறந்து சொல்லவில்லை. கட்டில் பக்கத்திலிருந்தே அந்த வீட்டுக்காரருக்குப் போன் செய்து, திருஷ்டிக்கு ஒரு பூசணிக்காய் சேர்த்து அனுப்புகிறேன் என்றேன். அடுத்து மருமகளைக் கூப்பிட்டேன். அவள் தொழிற்சாலையில் மதிய சாப்பாட்டில் இருந்தாள். நான் சொல்லி முடிப்பதற்குள் பட்டியலில் சேர்த்துவிட்டாள்.

"சேத்தாச்சு" என்று மனைவியிடம் சொன்னேன். காலைத் தலையணை மேல் சரியாக நீட்டி வைத்துக்கொண்டு அவள் உண்மையாகவே தூங்கிப்போனாள்.