சிவபாதம் அண்ணை சாப்பிட்ட பொங்கல்

லண்டனில் நான் ஏறியிருந்த ட்ராம், மிச்சம் ஜங்ஷன் என்ற நிறுத்தத்தைத் தாண்டும்போது சிவபாதம் அண்ணை காலமான செய்தி கைப்பேசிக்கு வந்தது. நமது சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியின் வாட்ஸ்அப் குழுவில் கைகூப்பிய படங்கள் வரிசையாக விழுந்தன. நான் அவருக்குச் செய்ததை நினைத்தபோது, அப்படி ஒன்றைப் போட எனக்குக் கை வரவில்லை.

அங்கே அவர் கணக்குப் படிப்பித்தார், நான் தமிழ். சனி தவறாமல் தன் சபையின் துண்டுப்பிரசுரம் ஒன்றை என் பையில் செருகிவிடுவார்.

"சிவபாதம் எண்ட பேரோட இயேசுவைக் கொண்டு திரியிறியள். பேரை மாத்தேல்லையோ அண்ணை?" என்று குத்துவேன்.

"அப்பா வைச்ச பேர் தம்பி. ஆண்டவர் அதைக் கேக்கேல்லை."

ஒருநாள் எரிச்சலோடு கேட்டேன். "உங்கட நம்பிக்கை உங்களோட இருக்கட்டும். என்னை ஏன் இழுக்கிறியள்?"

"பரலோகத்துக்குப் போய் ஆரோட கதைக்கிறது? சபைச் சனத்தோட ஞாயிற்றுக்கிழமை மூண்டு மணித்தியாலமே போதும். நீரும் வந்தால்தான் சண்டை பிடிக்கலாம்" என்றார். அவர் சிரிக்கவில்லை.

என் அம்மாவின் செத்தவீட்டிலும் ஒரு பிரசுரத்தைக் கையில் வைத்து அழுத்தினார். அதை நான் மறக்கவில்லை.

கோயிலில் படைத்ததை அவர் தொடமாட்டார் என்பது எல்லோருக்கும் தெரியும். மனோர் பார்க் முருகன் கோயிலிலிருந்து என் மனைவி கொண்டுவந்த சர்க்கரைப் பொங்கலை ஒரு சனி ஐஸ்கிரீம் பெட்டியில் பள்ளிக்கு எடுத்துப் போனேன். வீட்டில் செய்தது என்று சொல்லிக் கொடுத்தேன். இரண்டாம் தரமும் கேட்டு வாங்கினார். கடைசி வாயை விழுங்கும்வரை காத்திருந்தேன்.

"முருகன்ர பிரசாதம் அண்ணை. இனி நீங்கள் எங்கட ஆள்."

ஆசிரியர் அறையே சிரித்தது. சிரித்தவர்களில் சிலர் இதை வாசிக்கிறீர்கள். உங்களையும் நான் இன்னும் மன்னிக்கவில்லை.

"தெரியாமல் சாப்பிட்டதில பிழையில்லைத் தம்பி" என்றார் அவர். "நீர் தெரிஞ்செல்லோ தந்தீர்." பிறகு பெட்டியைக் கழுவித் தன் பையில் வைத்துக்கொண்டார்.

அடுத்த சனி பெட்டி திரும்பி வந்தது, நிறைய மீன் கட்லட்டோடு. வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பாத வழக்கம் அவரிடமும் இருந்தது. கட்லட்டுகளைக் கிளப்பி அடியில் பார்த்தேன். பிரசுரம் இல்லை. அதன்பின் அவர் ஒருபோதும் தரவில்லை. மழையைப் பற்றிப் பேசினார், ட்ராம் பிந்துவதைப் பற்றிப் பேசினார். வென்றுவிட்டதாகக் கொஞ்சநாள் நினைத்திருந்தேன். மன்னிப்புக் கேட்க எத்தனையோ சனிக்கிழமைகள் இருந்தன.

மதக்காரர் ஏன் அடுத்தவனை மாற்றப் பார்க்கிறார்கள் என்று மேடைகளில் கேட்டவன் நான். அவர் என்னைக் கேட்டுத்தான் அழைத்தார். ஒவ்வொரு தடவையும் என்னால் மறுக்க முடிந்தது. நான் அவரைக் கேட்கவேயில்லை. அதுவும் எனக்கே பக்தியில்லாத ஒரு சாமியின் பேரால்.

என்னிடம் எஞ்சியிருப்பது அந்தப் பெட்டிதான். நாளை அதில் சோறு வைத்து அவர் வீட்டுக்குக் கொண்டுபோகிறேன். அவருடைய மனைவி கேட்குமுன் வாசலிலேயே சொல்வேன்: "நான் சமைச்சது அக்கா. எங்கயும் படைக்கேல்லை."

அக்கா என்னை நம்பவேண்டும் என்றில்லை.